கச்சானுக்கும் மாரிக்கும் ஈடுகொடுக்கும் முற்றத்து ஓரப் பாத்தி

மட்டக்களப்பு நாவற்குடாவில் புதுவீடு கட்டிக் குடியேறிய ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டின் பின்புறம், வாவிப் பக்கமாக, 14 அடிக்கு 12 அடியில் இன்டர்லொக் கல் பதித்த முற்றம் இருக்கிறது. மாலையில் நாற்காலி போட்டு உட்காருவதற்காகப் பதித்தது. மூன்று பக்கமும் ஐந்தடி மதில். கல்லுக்கும் மதிலுக்கும் இடையில் வெறும் மணல். போன ஆண்டு அந்த மணலில் டுராண்டா வேலியும் மலேசியப் புல்லும் வைத்திருக்கிறார். புல் ஓகஸ்ட் மாதத்தில் கருகிவிட்டது. டுராண்டாவை வெட்ட நேரமில்லாமல் அது காடாகிவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் முழங்கால் வலியோடு ஒரு தாய், நான்கு வயதில் ஒரு பிள்ளை. கிணற்றுத் தண்ணீர் கோடையில் கொஞ்சம் உவர்க்கும். "மாதத்தில் ஒரு காலைப் பொழுதுக்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. ஆனாலும் முற்றத்தைச் சுற்றிப் பச்சை வேண்டும். எந்தச் செடி வைக்கலாம்?" என்பது கேள்வி.

தம்பி, செடிகளின் பெயரைப் பிறகு சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாற்றுமேடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் செடியின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். பாத்தி வேலை வாங்குமா வாங்காதா என்பது செடி வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மழைத் தண்ணீர் எங்கே போகிறது, பாத்தி எவ்வளவு அகலம், கல்லும் மண்ணும் சந்திக்கும் ஓரம் எப்படி, மண்ணுக்குள் கோரை இருக்கிறதா என்ற நான்கும் சரியாக இருந்தால் சுமாரான செடிகூட நன்றாக வரும். இவை பிழைத்தால் எவ்வளவு உறுதியான செடியை வைத்தாலும் மண்வெட்டியும் வாளியுமாகத்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழியும்.

நம் ஊரின் சிக்கல் ஒன்று உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பர் தொடங்கி ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் வேர் தண்ணீருக்குள் நிற்கும். அதே செடி ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் நிற்க வேண்டும். மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று, ஈரத் துணியை அரை மணியில் உலர்த்துவதுபோல இலையை உலர்த்திவிடும். ஆகவே செடி வாங்கும்போது 'வெயில் தாங்குமா?' என்று மட்டும் கேட்பது போதாது. ஐந்து நாள் தண்ணீரில் நின்றால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் வளவில் நான்கு நாட்கள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு ரோஜாவும் கற்றாழையும் அழுகிக் கிடந்தன. பப்பாசி மரங்கள் இரண்டாம் நாளே தலை தொங்கிவிட்டன. கல்வாழை, ரம்பை, வெட்டிவேர் ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நந்தியாவட்டை பாதி இலையைக் கொட்டிவிட்டு மாசியில் மறுபடி துளிர்த்தது. நான் இன்று யாருக்கும் செடி பரிந்துரைப்பது அந்த நான்கு நாட்களில் கண்டதை வைத்துத்தான்.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. ஒக்டோபரில் முதல் நல்ல மழை பெய்யும்போது குடையோடு முற்றத்தில் போய் நில்லுங்கள். கையில் இருபது ஈர்க்கில் துண்டுகள் இருக்கட்டும். கூரையிலிருந்து தாழ்வாரத் தண்ணீர் விழும் கோட்டில் நான்கைந்து குத்துங்கள். கல்லின் மேல் ஓடி வரும் தண்ணீர் எந்த மூலையில் இறங்குகிறதோ அங்கே சில. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றி மீதி. மதிலின் அடியில் தண்ணீர் வெளியேற விட்ட துவாரம் எங்கே இருக்கிறது, அது அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்தியின் வரைபடம் அந்த ஈர்க்கில் துண்டுகள்தான்.

கல் பதித்தவர் வாட்டம் விட்டிருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது வீட்டிலிருந்து விலகிச் சரிய வேண்டும். தண்ணீர் வீட்டுப் பக்கம் வந்தால் செடியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். கல்லை எடுத்துத் திருப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். இன்டர்லொக் கல்லின் நன்மையே அதை உடைக்காமல் எடுத்துத் திரும்பப் பதிக்கலாம் என்பதுதான். கல்லின் வெளி ஓரத்தில் கொங்கிறீட் வரம்பு போட்டிருக்கிறார்களா என்றும் தோண்டிப் பாருங்கள். பலர் காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். கல்லின் கீழ் இருப்பது வெறும் மணல் படுக்கை. பக்கத்தில் பாத்தி வெட்டியதும் மாரி மழையில் அந்த மணல் பாத்திக்குள் இறங்கும். ஓரக் கல் சரியும். இடைவெளியில் புல் புகும். நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல ஆழமும் உள்ள சீமெந்து வரம்பு இந்த மூன்றையும் தடுக்கும். அதன் மேல் விளிம்பு கல்லின் மட்டத்தோடு சரியாக இருக்கட்டும். உயர்த்திக் கட்டினால் தண்ணீர் முற்றத்திலேயே தேங்கும், அம்மாவின் காலும் தடுக்கும்.

பாத்தி மண்ணின் மட்டத்தில்தான் அநேகர் தவறு செய்கிறார்கள். அழகுக்காக மண்ணைக் குவித்துக் கல்லைவிட உயர்த்திவிடுவார்கள். பெருமழையில் மண் கரைந்து முற்றத்துக்கு வரும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கழுவ வேண்டும். கல்லை ஒட்டிய இடத்தில் பாத்தி மண் கல்லைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். முற்றத்துத் தண்ணீர் பாத்திக்குள் இறங்கும், கூட்டிய தூசியும் அதற்குள்ளேயே போகும். உயரம் வேண்டுமானால் பாத்தியின் நடுவில் முதுகுபோல மண்ணை அணைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டிச் செடியே வேண்டாம். தாழ்வாரத் தண்ணீர் விழும் கோட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி அகலத்தில் கருங்கல் சல்லி போட்டுவிடுங்கள். பீலி இல்லாத கூரையிலிருந்து விழும் தண்ணீர் மண்ணைக் குழி பறித்து, சேற்றைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு அடிக்கும். சல்லி அதைத் தடுக்கும். சுவரோடு ஈர மண்ணும் காய்ந்த சருகும் இருந்தால் கறையான் கதவு நிலைக்கு வழி கண்டுபிடித்துவிடும். சல்லி வெளியாக இருந்தால் கறையான் புற்றுக் கோடு கண்ணில் படும். இரவில் பாம்பு வந்தாலும் அப்படித்தான். நாற்காலி போடும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையில் எதுவும் ஒளிந்திருக்க இடமில்லாத இரண்டடி வெளி இருப்பது பிள்ளை உள்ள வீட்டுக்கு மிகவும் அவசியம். வெள்ளைக் கூழாங்கல் கடையில் அழகாகத் தெரியும். மேற்கு வெயில் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். ஒரு மாரியோடு பாசி பிடித்துக் கறுத்தும் போகும். சாதாரண முக்கால் அங்குலச் சாம்பல் நிறச் சல்லியே போதும். அதைவிடப் பொடியானது செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும்.

அகலத்துக்கு வருகிறேன். மதிலோரமாக ஒன்றரை அடியில் நீளமாக ஒரு வரி விடுவதுதான் நம் ஊர் வழக்கம். அது செடிக்கும் போதாது, ஆளுக்கும் வசதியில்லை. செடி ஒரு பக்கம் மதிலில் முட்டி மறு பக்கம் கல்லின் மேல் சாயும். மாதம் இரண்டு முறை வெட்ட வேண்டியிருக்கும். நீங்கள் சொன்ன அளவுகளின்படி மேற்கில் நாலடி அகலம் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கிலும் தெற்கிலும் இரண்டரை அடி போதும். எந்தச் செடியையும் மதிலிலிருந்து ஒன்றரை அடிக்கு உள்ளே வைக்காதீர்கள். மதிலுக்குப் பூச்சு அடிக்கவும் பின்னால் போய்ச் சருகு எடுக்கவும் ஓர் ஆள் நுழைய இடம் வேண்டும். ஒரு செடி மூன்று ஆண்டில் எவ்வளவு விரியும் என்று கேட்டு அந்த இடைவெளியை விடுங்கள். முதல் ஆண்டு மொட்டையாகத்தான் தெரியும். அந்த வெறுமையைப் பொறுக்க முடியாமல் நெருக்கி நட்டவர்கள்தான் மூன்றாம் ஆண்டு கத்தியோடு நிற்கிறார்கள்.

இனிக் கோரை. இதில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் மணல் பூமியில் பாத்தி வேலையில் பாதி கோரையோடு நடக்கும் வேலைதான். மேலே தெரிவது மூன்று நான்கு பச்சை இலை. அதைப் பிடித்து இழுத்தால் சுகமாகக் கையோடு வந்துவிடும். எடுத்துவிட்டோம் என்று நினைப்போம். ஈர மணலில் விரலை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். அரைச் சாண் ஆழத்தில் கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு தட்டுப்படும். அதிலிருந்து கம்பிபோல ஒரு வேர் பக்கவாட்டில் ஓடும். அதை அறுக்காமல் மணலை விலக்கிக்கொண்டே போனால் இன்னொரு கிழங்கு, அப்பால் இன்னொன்று. முழங்கை நீளத்துக்குள் ஆறேழு கிழங்குகள் மாலைபோல எழுந்து வரும். நசுக்கி முகர்ந்தால் மருந்துக் கடை வாசனை. தழையை மட்டும் பிடுங்கினால் விட்டுப்போன ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாக முளைக்கும். பாத்தி வெட்டுவதற்கு முன் இரண்டு வாரம் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். உறங்கிக் கிடக்கும் கோரையெல்லாம் தலை காட்டும். அப்போது ஈரத்தோடு முள்ளுக் கரண்டியால் கிளறி, மாலையோடு எடுத்துச் சாக்கில் போட்டு வெயிலில் கட்டி வையுங்கள். பசளைக் குழியில் போட்டால் அது பசளையோடு திரும்பி வரும். இன்னும் இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி, மறுபடி எடுங்கள். இந்த ஒரு மாதப் பொறுமைதான் பின்னால் பல ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தும். உங்களால் முடியாவிட்டால் கூலிக்கு ஆள் பிடித்தாவது செய்யுங்கள். வேறு எதற்குச் சிக்கனம் பார்த்தாலும் இதற்குப் பார்க்காதீர்கள்.

'கறுப்புப் பொலித்தீன் விரித்து மேலே கல் போட்டால் களையே வராது' என்று சொல்வார்கள். நானும் நம்பி ஒரு பாத்தியில் விரித்தேன். கோரையின் முளை ஊசிபோல இருக்கும். மூன்றாம் மாதம் பொலித்தீனைத் துளைத்துக்கொண்டு வந்தது. மாரியில் பொலித்தீனுக்கு மேல் தண்ணீர் தங்கி நுளம்பு பெருகியது. கீழே மண்ணுக்குக் காற்று போகாமல் குரோட்டன் வேர் அழுகியது. கச்சானில் பறந்து வரும் மண் சல்லியின் இடுக்கில் படிந்து, அதன் மேலேயே புல் விதை முளைத்தது. கடைசியில் கந்தலாகக் கிழிந்த பொலித்தீனைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் பிடித்தது. கோரையை எடுத்த மண்ணுக்கு மேல் மூன்று அங்குலக் கனத்தில் சல்லியோ பத்திரக்கலவையோ (மண்ணை மூடிப் பரப்பும் சருகும் சீவலும்) போட்டால் போதும். அங்கொன்று இங்கொன்று முளைப்பதை நின்ற நிலையிலேயே பிடுங்கிவிடலாம்.

மண்ணைத் தயார் செய்ய நம்மிடம் இருப்பதே போதும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் நம் மணல், தண்ணீரைச் சல்லடைபோல விட்டுவிடும். செடி வைக்கும் குழியை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வையுங்கள். மட்டை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தென்னைக்குச் செய்யும் அதே வேலைதான். அதன் மேல் மணலோடு நன்றாக மக்கிய மாட்டெருவும் உமிக்கரியும் கலந்து நிரப்புங்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து லோட் கணக்கில் வரும் எருவைப் புதிதாகப் போட்டுவிடாதீர்கள். மேய்ச்சல் மாட்டின் எருவில் புல் விதை நிறைய இருக்கும். நனைத்து, மூடி, இரண்டு மாதம் வெக்கையில் வைத்தால் பெரும்பாலான விதை செத்துவிடும்.

இப்போது செடிகள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வகைக்கு மேல் வேண்டாம். ஒரே வகையை ஐந்தாறாக வைத்தால் பார்வைக்கும் அமைதி, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒரே வேலை.

மேற்குப் பக்கம்தான் உங்களுக்கு முக்கியம். கச்சானும் பிற்பகல் வெயிலும் அங்கிருந்துதான் வருகின்றன. தென்மேற்கு மூலையில், கல்லிலிருந்து முடிந்த அளவு தள்ளி, ஓர் ஈழத்தலரி வையுங்கள். கோயில்களில் நிற்கும் அதே மரம்தான். அதில் இரண்டு விதம் உண்டு. இலை நுனி கூராக உள்ளது கோடையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் கொம்பாக நிற்கும். நிழல் வேண்டிய காலத்தில் நிழல் தராது. இலை நுனி வட்டமாக, கரும்பச்சையாக, பூ வெள்ளையாக உள்ளது பெரும்பாலும் ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கக்கூட வேண்டாம், தெரிந்தவர் வீட்டில் முழங்கை நீளத்தில் ஒரு கொம்பு கேளுங்கள். வெட்டிய இடத்தில் பால் வடியும். நிழலில் ஒரு வாரம் சாத்தி வைத்து அந்த வாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். பாலோடு நட்டால் அழுகும். பால் கையில் பட்டால் அரிக்கும், கழுவிவிடுங்கள். இலை பெரிதென்பதால் உதிர்ந்தாலும் கையால் பொறுக்கலாம், ஈர்க்கில் விளக்குமாறு வேண்டியதில்லை. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்கள் வீட்டோடு உயர்ந்த மரம் வைக்க இன்றும் தயங்குவார்கள். அது நியாயமான பயம். ஈழத்தலரி கூரை உயரத்துக்குள் படர்ந்து நிற்கும்.

அந்த மரத்திலிருந்து வடமேற்கு மூலை வரை, நாலடி இடைவெளியில் நந்தியாவட்டை. பால் வடியும் இலை என்பதால் ஆடு மாடு அதிகம் தொடுவதில்லை. உங்களுக்கு மதில் இருக்கிறது. ஆனால் படலை திறந்து கிடந்த ஒரு நாளில் கட்டாக்காலி மாடு ஒரு பாத்தியையே முடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நந்தியாவட்டை பூசைக்கும் பூ தரும், நெஞ்சளவு உயரத்தில் தானே உருண்டு நிற்கும், ஆண்டுக்கு ஒரு வெட்டுப் போதும். அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் குரோட்டன். வெயில் படப்பட அதற்கு நிறம் ஏறும். நம் அம்மம்மாமார் வளவில் வைத்ததெல்லாம் அதுதான். பழைய செடி என்று யாரும் இப்போது மதிப்பதில்லை. மாரியில் கிளையை ஒடித்துக் குத்தினாலே வேர் விடும் செடியை விட்டுவிட்டு, கடையில் பெயர் தெரியாத செடிக்குக் காசு கொடுப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

வடக்குப் பாத்தி மதில் நிழலும் வெயிலும் மாறி மாறிப் படும் இடம். அங்கே மருள் வையுங்கள். வாள்போல நிமிர்ந்த இலையில் வரி வரியாக இருக்கும், முன்பு நாருக்கு எடுத்த செடி. நம் நாட்டு வறண்ட காடுகளில் தானாகவே வளர்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருக்கும். தேங்கும் தண்ணீர் ஒன்றைத்தான் அது பொறுக்காது. ஆகவே முதுகுபோல அணைத்த மண்ணின் உச்சியில் நடுங்கள். ஓரத்தில் பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, சில செடி. விதை விழுந்து தானே முளைக்கும். வேண்டாத இடத்தில் வந்தால் பிடுங்க ஒரு நொடி. இதைப் பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குப் பக்கம் கிணற்றடி என்று எழுதியிருக்கிறீர்கள். குளிக்கும் தண்ணீர் வீணாக ஓடும் இடம். அந்த ஓட்டத்தைச் சிறு வாய்க்காலாகப் பாத்திக்குள் திருப்பினால் அந்தப் பாத்திக்கு ஆண்டு முழுவதும் வேறு தண்ணீரே வேண்டாம். அங்கே பின்வரிசையில் கல்வாழை, முன்வரிசையில் ரம்பை. இரண்டும் மாரி வெள்ளத்தைப் பொருட்படுத்தாதவை. ரம்பை இலை சமையலறைக்கு ஆகும். மதில் துவாரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், இரண்டு கொத்து வெட்டிவேர் வைத்தால் மண் அரித்துப் போகாது.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். டுராண்டாவை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். கத்தரித்து வடிவம் வைக்க வேண்டிய எந்த வேலியும் அதே கதைதான். மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடேலியா ஆறு மாதத்தில் முற்றத்தை மூடும். பிறகு மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரைக்கும் போகும். நம் நாட்டில் அது கட்டுக்கடங்காமல் பரவும் அந்நியச் செடி. அலரி கடற்காற்றுக்கு மிக நல்ல செடி, ஆனால் இலை முதல் விதை வரை நஞ்சு. நான்கு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் செவ்வலரியோ மஞ்சள் அலரியோ வேண்டவே வேண்டாம். இலைகளின் நடுவில் கிண்ணம்போலத் தண்ணீர் பிடித்து வைக்கும் புரோமிலியாட் வகைகளையும் விட்டுவிடுங்கள். டெங்கு நுளம்புக்கு அந்தக் கிண்ணம் போதும். எக்சோரா பற்றியும் கேட்பீர்கள். சிப்பித் தூள் கலந்த கரையோர மணல் அதற்கு ஒத்துவராது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டிவரும். செவ்வரத்தை ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று, நாற்காலியிலிருந்து தள்ளி வையுங்கள். வெண்மூட்டுப் பூச்சி அதை விட்டு விலகாது.

நடும் காலம் உங்கள் மணலுக்கு ஒக்டோபர் நடுப்பகுதி. முதல் மழை இறங்கி மண் குளிர்ந்த பிறகு நட்டால் ஜனவரிக்குள் வேர் கீழே போய்விடும்; கச்சான் வரும்போது செடிக்குச் சொந்தக் கால் இருக்கும். தண்ணீர் தேங்கும் மூலையில் மட்டும் தைப்பொங்கல் கழிந்து நடுங்கள். சித்திரை கழித்து நடுவதானால் ஒவ்வொரு மாலையும் வாளியோடு நிற்க வேண்டும்.

முதல் கோடையில் மட்டும் தண்ணீர் வேண்டும். தினமும் தெளிக்காதீர்கள், வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் இரண்டு முறை, ஒரு செடிக்கு ஒரு வாளி, அடியில் மெதுவாக. இதையும் குறைக்க ஒரு வழி உண்டு. குறுகிய வாயுள்ள மண்முட்டியை, மினுக்கம் பூசாதது, இரண்டு செடிகளுக்கு நடுவில் கழுத்தளவு புதையுங்கள். வாரம் ஒரு முறை நிரப்பினால் முட்டியின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். வாயைத் திறந்து விட்டால் நுளம்பு முட்டையிடும். தயிர் வாங்கிய வெறும் சட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள், அளவாக உட்காரும். கிணற்று உவர்ப்பைப் பற்றி: நம் பக்கத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே வரும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக இறையுங்கள். இலை நுனி கருகி மண்ணின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பின் அடையாளம்; மாரி மழை அதைக் கழுவிவிடும்.

பத்திரக்கலவைக்குத் தென்னை மட்டைச் சீவலும் காய்ந்த இலையும் நல்லவை. மூன்று அங்குலம் போடுங்கள். செடியின் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வெறும் உமி கச்சானில் பறக்கும், வைக்கோலைக் கோழி கிளறும். பொச்சுமட்டையை மண்ணின் மேல் ஓரமாக அடுக்குவதானால் குப்புற வைக்க வேண்டும். மண்ணுக்குள் நிமிர்த்தி வைத்த அதே மட்டை வெளியில் நிமிர்ந்து கிடந்தால், ஒவ்வொன்றும் ஒரு நுளம்புத் தொட்டி. மழைக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். தண்ணீர் தேங்கும் மூலையில் பத்திரக்கலவை மிதந்து போய்விடும். அங்கே சல்லி மட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டால் ஆண்டு வேலை இப்படித்தான் இருக்கும்: தை கடைசியில் நந்தியாவட்டையை மூன்றில் ஒரு பங்கு வெட்டுவது, முற்றத்துக் கல் இடுக்கில் அரித்துப்போன மணலைக் கூட்டி நிரப்புவது. புரட்டாதியில் மாரிக்கு முன் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கூடை கூட்டெரு, மதில் துவாரத்தைத் துப்புரவாக்குவது. கல்வாழையில் பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுவது. இடையில் மாதம் ஒரு முறை கையால் களை. யூரியா போடாதீர்கள், செடி மதமதவென்று வளர்ந்து உங்களுக்குத்தான் வெட்டு வேலை.

அம்மா ரோஜாச் சாடி கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பாத்தியில் ரோஜா வேண்டாம், வெள்ளத்தில் போய்விடும். பின் வாசல் படியை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு சீமெந்துத் திட்டுக் கட்டிக் கொடுங்கள். குனியாமல் எட்டும் உயரம். அதில் இரண்டு சாடி ரோஜா, ஒரு சாடி துளசி. அடியில் தட்டு வைக்காமல் இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் சாடியை வையுங்கள், தண்ணீர் வடிந்துவிடும். பக்கத்தில் அவர் தூக்கக்கூடிய அளவில் ஒரு சிறு செம்பு இருக்கட்டும்.